காவல், நீதிமன்றம், சிறை: நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பச் செய்வது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விசாரணைக் கைதிகள் எத்தனை ஆண்டுகளாகச் சிறையில் இருக்கிறார்கள், காவல் நிலையங்களில் எத்தனை பேர் உயிரிழந்தார்கள், பெண்களின் பாதுகாப்புக்கு ஒதுக்கிய பணம் எங்கே போனது என்றெல்லாம் அறிய விரும்புவோர் பெரும்பாலும் செய்தித்தாளோடு நின்றுவிடுகிறார்கள். சிலர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனுப் போடுகிறார்கள். இவற்றைவிட வலுவான ஒரு வழி நாடாளுமன்றக் கேள்வி. உறுப்பினர் ஒருவர் எழுதிக்கொடுக்கும் கேள்வி ஏற்கப்பட்டுவிட்டால், குறித்த நாளில் அமைச்சர் அவைக்கு விடையளிக்க வேண்டும். அந்த விடை அரசின் அதிகாரபூர்வக் கூற்றாக அவையின் ஆவணங்களில் நிலைபெறுகிறது, தவறாக இருந்தால் அமைச்சரே அதைத் திருத்தியாக வேண்டும்.

தன்னார்வ அமைப்புகளில் புதிதாகச் சேர்ந்தவர்கள், இளம் வழக்கறிஞர்கள், சட்ட மாணவர்கள், செய்தியாளர்கள், நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் பணியாற்றத் தொடங்கியவர்கள் ஆகியோரை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். இந்திய நாடாளுமன்ற நடைமுறையையே முதன்மையாகச் சொல்கிறேன். தமிழ்நாடு சட்டமன்றத்தில் என்ன செய்யலாம் என்பது கடைசிப் பகுதியில் வருகிறது. கேள்வி எவ்வளவு துல்லியமோ, விடையும் அவ்வளவுதான் துல்லியமாக இருக்கும் என்பது என் உறுதியான கருத்து. தொலைக்காட்சியில் தெரியும் வாக்குவாதத்தைவிட, யாரும் கவனிக்காத எழுத்து மூல விடையிலிருந்தே பெரும்பாலும் பயனுள்ள தகவல் கிடைக்கிறது.

முதல் படி: கேள்வியை யாரிடம் கேட்பது?

புதியவர்களின் கேள்விகள் பெரும்பாலும் இங்கேதான் தள்ளுபடியாகின்றன. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணைப்படி பொது ஒழுங்கு, காவல், சிறை ஆகிய மூன்றும் மாநிலப் பட்டியலில் உள்ளன. குற்றவியல் சட்டமும் குற்றவியல் நடைமுறையும் பொதுப் பட்டியலில் உள்ளன. நீதி நிருவாகம் 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தின் மூலம் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. இதன் நடைமுறை விளைவு ஒன்றை இப்போதே அறிந்துகொள்ளுங்கள்: உள்துறை அமைச்சகத்தின் விடைகளில் பெரும்பகுதி, "அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணைப்படி காவலும் பொது ஒழுங்கும் மாநில அரசுகளின் பொறுப்பில் உள்ளவை" என்ற பொருளுடைய வாக்கியத்தோடுதான் தொடங்கும். உங்கள் கேள்வி மாநிலக் காவல்துறையின் அன்றாடச் செயலைப் பற்றி மட்டும் இருந்தால், விடை அந்த வாக்கியத்தோடு முடிந்துவிடும். அதற்கு முன்பே கேள்வி ஏற்கப்படாமலும் போகலாம்.

ஆகவே, ஒன்றிய அரசின் கை எங்கே இருக்கிறது என்பதைத் தேடிக் கண்டுபிடித்து அதைப் பற்றிக் கேட்க வேண்டும். அது இயற்றிய சட்டம், கொடுக்கும் நிதி, தானே திரட்டும் புள்ளிவிவரம், மாநிலங்களுக்கு அனுப்பும் அறிவுரைக் கடிதம், நேரடியாக நடத்தும் படைகளும் புலனாய்வு அமைப்புகளும் ஆகியவை எல்லாம் அதன் பொறுப்பு. டெல்லிக் காவல்துறை ஒன்றிய உள்துறையின் கீழ் இருப்பதால் அதைப் பற்றி எந்த விவரத்தையும் நேரடியாகக் கேட்கலாம். விரைவு நீதிமன்றத் திட்டத்தையும், உயர் நீதிமன்ற நீதிபதிப் பணியிடக் காலியிடங்களையும் சட்டம் மற்றும் நீதி அமைச்சகத்திடம் கேட்க வேண்டும். தேசியப் புலனாய்வு முகமை உள்துறையின் கீழ் வருகிறது. ஆனால் மத்தியப் புலனாய்வுத் துறை, அதாவது சி.பி.ஐ., பணியாளர் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. பலரும் இதை உள்துறையிடம் கேட்டுவிட்டு, கேள்வி வேறு அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டு நாள் தள்ளிப்போவதைக் கண்டு திகைக்கிறார்கள்.

இரண்டாம் படி: நாளையும் கேள்வியின் வகையையும் அறிதல்

மக்களவையில் கேள்வி நேரம் காலை 11 மணி முதல் 12 மணி வரை. மாநிலங்களவையில் 2014-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து நண்பகல் 12 மணி முதல் 1 மணி வரை. அமைச்சகங்கள் ஐந்து பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்படுகிறது. அண்மைக் காலக் கூட்டத்தொடர்களில் உள்துறை மக்களவையில் செவ்வாய்க்கிழமையும் மாநிலங்களவையில் புதன்கிழமையும் விடையளித்து வருகிறது. சட்டம் மற்றும் நீதி அமைச்சகத்தின் முறை மக்களவையில் வெள்ளிக்கிழமை, மாநிலங்களவையில் வியாழக்கிழமை. ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் முன்பு வெளியாகும் அட்டவணையில் இதைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாக விடை சொல்வார், அதையொட்டித் துணைக் கேள்விகளும் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு இப்படி 20 கேள்விகளும் மாநிலங்களவையில் 15 கேள்விகளும் பட்டியலில் இடம்பெறும். ஒரு மணி நேரத்தில் அவற்றுள் சிலவே எடுத்துக்கொள்ளப்படும். எஞ்சியவற்றுக்கு எழுத்து மூல விடை வரும், துணைக் கேள்விக்கு வாய்ப்பிருக்காது. நட்சத்திரக் குறியிடாத கேள்விகள் மக்களவையில் ஒரு நாளைக்கு 230 வரையும் மாநிலங்களவையில் 160 வரையும் வரும். இவற்றுக்கு எழுத்து மூல விடை மட்டுமே உண்டு.

எண்களும் மாநில வாரியான பட்டியலும் வேண்டுமென்றால் நட்சத்திரக் குறியிடாத கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். அமைச்சரிடமிருந்து கொள்கை நிலைப்பாட்டையோ வாக்குறுதியையோ பெற வேண்டுமென்றால் மட்டும் நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு முயலுங்கள். அவை அமளியில் ஒத்திவைக்கப்பட்டாலும் எழுத்து மூல விடைகள் வந்துவிடுகின்றன என்பது சிறிய விஷயமன்று. 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே கைவிடப்பட்டபோதும், நட்சத்திரக் குறியிடாத கேள்விகளுக்கு விடைகள் அளிக்கப்பட்டன.

மூன்றாம் படி: பழைய விடைகளைப் படித்தல்

புதிய கேள்வி எழுதுவதற்கு முன், அதே பொருளில் முன்பு வந்த விடைகளைப் படித்தாக வேண்டும். ஏற்கெனவே விடையளிக்கப்பட்ட கேள்வியை அப்படியே திரும்பக் கேட்க விதிகள் இடம் தருவதில்லை என்பது ஒரு காரணம். பழைய விடையில் எது சொல்லப்படவில்லையோ அதுவே உங்கள் புதிய கேள்விக்குப் பொருள் என்பது மற்றொன்று. நாடாளுமன்றத்தின் இணையதளமான சன்சத் தளத்தில், இரு அவைகளின் விடைகளையும் அமைச்சகம், உறுப்பினர், நாள், சொல் ஆகியவற்றைக் கொண்டு தேடலாம். விடைகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் பி.டி.எஃப். கோப்புகளாகக் கிடைக்கின்றன.

ஒரு விடையைத் திறந்தால் மேலே அமைச்சகத்தின் பெயர், கேள்வி எண், விடை நாள், தலைப்பு, கேள்வி கேட்ட உறுப்பினரின் பெயர் ஆகியவை இருக்கும். கீழே கேள்வியின் உட்பிரிவுகள் அ, ஆ, இ, ஈ என வரிசையாக இருக்கும். அதன் பின் அமைச்சர் அல்லது இணை அமைச்சரின் பெயரும் விடையும் வரும். விடை உட்பிரிவு வாரியாகப் பிரிந்திருக்கிறதா, அல்லது "அ முதல் ஈ வரை" என்று ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். மூட்டையாக இருந்தால் ஏதோ ஓர் உட்பிரிவுக்கு விடையே இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்புறம் ஒவ்வோர் உட்பிரிவையும் வலப்புறம் அதற்குரிய விடை வாக்கியத்தையும் எழுதிப் பாருங்கள். வலப்புறம் காலியாக இருக்கும் இடமே நீங்கள் அடுத்துக் கேட்க வேண்டியது. இணைப்பாக வரும் பட்டியலைத் தவறவிடாதீர்கள். முதல் பக்கத்தில் பொதுப்படையான வாசகங்களை நிரப்பிவிட்டு, உண்மையான தகவலைக் கடைசிப் பக்க இணைப்பில் தரும் விடைகள் மிகுதி.

அடுத்து, எண்ணுக்குப் பின்னால் இருக்கும் மூலத்தைப் பார்க்க வேண்டும். 2023 பிப்ரவரியில் மாநிலங்களவையில் உள்துறை இணை அமைச்சர் அளித்த விடையில், 2017 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரையிலான ஐந்து ஆண்டுகளில் போலீஸ் காவலில் 669 மரணங்கள் பதிவானதாகத் தெரிவிக்கப்பட்டது. ஆண்டு வாரியாக 146, 136, 112, 100, 175 என்று அந்தக் கணக்கு விரிகிறது. கடைசி எண்ணைக் கவனியுங்கள்: 2021-22-இல் 175. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையோ 2021-ஆம் ஆண்டில் போலீஸ் காவலில் 88 மரணங்கள் என்கிறது.

இரண்டும் ஒன்றிய அரசின் பெயரால் வரும் எண்களே. முதலாவது, தேசிய மனித உரிமைகள் ஆணையத்தில் பதிவான வழக்குகளின் எண்ணிக்கை. காவலில் மரணம் நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அந்த ஆணையம் 1993-இலேயே அறிவுறுத்தியிருக்கிறது. இரண்டாவது, மாநிலக் காவல்துறைகள் அனுப்பும் பதிவுகளைக் கொண்டு காப்பகம் தொகுப்பது. ஒன்று நிதியாண்டைக் கணக்கில் கொள்கிறது, மற்றொன்று நாட்காட்டி ஆண்டை. ஆனால் ஆண்டுக் கணக்கின் வேறுபாடு மட்டும் இவ்வளவு பெரிய இடைவெளியை விளக்கிவிடாது. எனவே இந்தப் பொருளில் கேட்பவர், "இரு அமைப்புகளின் எண்ணிக்கைகளும் வேறுபடுவதற்குக் காரணம் என்ன, அவற்றை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் நடைமுறை உண்டா" என்பதை ஓர் உட்பிரிவாகச் சேர்க்க வேண்டும். உயிரிழந்தவர்களின் கணக்கு இரண்டாக இருப்பதை எழுத்தர் வேலையின் குறைபாடு என்று கடந்துவிடக் கூடாது. ஒவ்வொரு மரணத்தின் மீதும் நடவடிக்கை எடுக்கப்பட்டதா என்பதை அறிய முதலில் கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

விடையில் உள்ள தரவு எந்த ஆண்டுக்குரியது என்பதையும் பாருங்கள். காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக்கான குற்ற அறிக்கை 2023 டிசம்பரில் வெளியானது. 2023-க்கான அறிக்கை 2025 செப்டம்பர் இறுதியில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் இந்தத் தரவைக் கேட்ட கேள்விகளுக்கு "வெளியிடப்பட்ட அண்மைத் தரவு 2022-க்குரியது" என்ற பொருளிலேயே விடை வந்தது. அறிக்கைக்காகக் காத்திராத மூலங்களும் இருக்கின்றன. சிறைகளின் இணையவழிப் பதிவேடு, நீதிமன்ற வழக்குகளைக் காட்டும் தேசிய நீதித் தரவுத் தொகுப்பு ஆகியவை அன்றாடம் புதுப்பிக்கப்படுகின்றன. கேள்வியில் அவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால், பழைய அறிக்கையைக் காட்டித் தப்பிக்க இடமிருக்காது.

நான்காம் படி: கேள்வியை வரைதல்

மக்களவை விதிகளில் 41-ஆவது விதியைக் கேள்வி எழுதுவோர் ஒரு முறையாவது முழுமையாகப் படிக்க வேண்டும். கேள்வி பொதுவாக 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், ஊகம், ஏளனம், குற்றச்சாட்டு, அவதூறு எதுவும் இருக்கக் கூடாது. கருத்துக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தின் விசாரணையில் இருக்கும் வழக்கைப் பற்றிக் கேட்கக் கூடாது. தன்மையிலேயே இரகசியமான விவரங்களைக் கேட்கக் கூடாது. எளிதில் கிடைக்கும் ஆவணங்களில் உள்ள தகவலைக் கேட்கக் கூடாது. நீதித்துறை குறித்துக் கேட்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகள் தங்கள் கடமையில் நடந்துகொண்ட விதத்தைப் பதவி நீக்கத் தீர்மானத்தின் போதன்றி விவாதிக்க அரசமைப்பின் 121-ஆவது பிரிவு இடம் தருவதில்லை. காலியிடங்கள், கட்டடங்கள், நிதி, நிலுவை வழக்குகள் ஆகியவற்றைக் கேட்க எந்தத் தடையும் இல்லை.

எடுத்துக்காட்டாக ஒரு கேள்வியை எழுதிப் பார்ப்போம். 2022-ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள்; அதாவது நான்கில் மூன்று பங்கினர் தீர்ப்புக்காகக் காத்திருந்தவர்கள். சிறைகள் தம் கொள்ளளவில் 131.4 விழுக்காடு நிரம்பியிருந்தன. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் தம் மீதான குற்றத்துக்குரிய உச்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கையும் மற்றவர் பாதியையும் விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் பிணையில் விடுவிக்கப்பட வேண்டும் என்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் பொருந்தாது. அந்தக் காலம் நிறைவடைந்ததும் சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும் என்பது அப்பிரிவின் முக்கியமான கட்டளை. இதையெல்லாம் அறிந்துகொண்டு எழுதினால் கேள்வி இப்படி அமையும்:

*உள்துறை அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா:*

*(அ) 2024 ஜூலை 1 முதல், 479-ஆவது பிரிவின்படி விடுவிக்கத் தகுதியானவர்களாகக் கண்டறியப்பட்ட விசாரணைக் கைதிகளின் எண்ணிக்கை மாநில வாரியாக எவ்வளவு;*

*(ஆ) அவர்களுள் எத்தனை பேருக்காகச் சிறைக் கண்காணிப்பாளர்கள் நீதிமன்றங்களில் விண்ணப்பம் தாக்கல் செய்துள்ளனர்; எத்தனை பேர் உண்மையில் விடுதலையாயினர்;*

*(இ) விடுவிக்க ஆணை பிறந்தும் பிணைத் தொகை செலுத்த இயலாமல் சிறையிலேயே இருப்பவர்கள் எத்தனை பேர்;*

*(ஈ) ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாநிலத்துக்கும் விடுவிக்கப்பட்ட தொகை, செலவான தொகை, பயனடைந்தோர் எண்ணிக்கை ஆகியவை எவ்வளவு;*

*(உ) மேற்கண்ட விவரங்கள் மையமாகத் திரட்டப்படவில்லையெனில், அதற்கான காரணமும் திரட்டுவதற்கான கால வரையறையும் என்ன?*

சிறை மாநிலப் பொறுப்பு என்று சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது, ஏனெனில் கேள்வி ஒன்றிய அரசே இயற்றிய சட்டத்தின் ஒரு பிரிவைப் பற்றியது. முதல் இரண்டு உட்பிரிவுகளும் தகுதியானவர், விண்ணப்பிக்கப்பட்டவர், வெளியே வந்தவர் என்று மூன்று படிகளைத் தனித்தனியாகக் கேட்கின்றன. "எத்தனை பேர் பயனடைந்தனர்" என்று மட்டும் கேட்டிருந்தால், எந்தப் படியில் மனிதர்கள் சிக்கிக்கொள்கிறார்கள் என்பது தெரியவே தெரியாது. நான்காம் உட்பிரிவு 2023-இல் தொடங்கிய திட்டத்தைப் பற்றியது. தொடங்கியபோது அதன்படி விசாரணைக் கைதிக்குப் பிணைக்காக 40,000 ரூபாய் வரையும், தண்டனைக் கைதிக்கு அபராதம் கட்ட 25,000 ரூபாய் வரையும் உதவி என்று வரையறுக்கப்பட்டிருந்தது. கடைசி உட்பிரிவைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். "இவ்விவரங்கள் மையமாகப் பராமரிக்கப்படுவதில்லை" என்ற விடை வருமெனத் தெரிந்துகொண்டே அதற்கும் காரணம் கேட்டு வைப்பது, அந்தக் கதவை முன்கூட்டியே அடைப்பதாகும்.

பாதிக்கப்பட்டவர்களின் பெயரைக் கேள்வியிலோ அதனுடன் தரும் குறிப்பிலோ எழுதாதீர்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். மற்ற வழக்குகளிலும் குடும்பத்தினரின் அனுமதியில்லாமல் பெயரைப் பயன்படுத்துவது அவர்களுக்கு இழைக்கும் இரண்டாவது தீங்கு.

ஐந்தாம் படி: உறுப்பினரை அணுகுதல்

கேள்வியை எந்த உறுப்பினர் வேண்டுமானாலும் கேட்கலாம்; அவர் உங்கள் தொகுதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39 பேரும் மாநிலங்களவையில் 18 பேரும் இருக்கிறார்கள். மக்களவையில் குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்பே கேள்விக்கான அறிவிப்பைக் கொடுத்துவிட வேண்டும். கேள்விகள் அதிகம் என்பதால் குலுக்கல் முறையில் முன்னுரிமை முடிவாகிறது. ஓர் உறுப்பினரின் பெயரில் ஒரே நாளில் நட்சத்திரக் குறியிட்ட கேள்வி ஒன்றுக்கு மேல் வராது, மொத்தமும் ஐந்தைத் தாண்டாது. எனவே கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு கடிதம் எழுதினால் முதல் சில வாரங்கள் வீணாகிவிடும். கூட்டத்தொடரின் தேதி அறிவிக்கப்பட்டவுடனேயே, முடிந்தால் அதற்கும் முன்பாகவே உறுப்பினரின் அலுவலகத்தை அணுகுங்கள்.

அலுவலகத்துக்குக் கொடுக்கும் குறிப்பு ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். சிக்கல் என்ன, அதற்கு ஆதாரம் எது, பழைய விடை எந்த எண், எந்த நாள், இப்போது கேட்க வேண்டிய கேள்வியின் வரைவு என்ன, துணைக் கேள்விகள் இரண்டு எவை என்பவை போதும். ஐம்பது பக்கக் கோப்பை நீட்டினால் அதைப் படிக்க அங்கே ஆளிருக்காது. இரண்டு மூன்று உறுப்பினர்களிடம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். ஒரே பொருளில் பலர் கேட்டால் கேள்விகள் ஒன்றாக இணைக்கப்படலாம், அது பொருளின் எடையைக் கூட்டவே செய்யும்.

பணமோ பரிசோ எந்த வடிவிலும் இதற்குள் வரக் கூடாது. கேள்வி கேட்கப் பணம் பெற்றதற்காக 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்கள் பதவி நீக்கம் செய்யப்பட்டார்கள். அலுவலகத்தில் வேலை பார்ப்பவரானால், கேள்வியைப் பதிவேற்றும் முன் உறுப்பினர் அதைப் படித்து ஒப்புதல் தந்திருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் அவையில் அதற்குப் பொறுப்பேற்பவர் அவர்தான்.

ஆறாம் படி: துணைக் கேள்வி

கேள்வி கேட்கும் உரிமை 1892-ஆம் ஆண்டின் இந்திய கவுன்சில்கள் சட்டத்தின் மூலம் கிடைத்தது. விடையைக் கேட்ட பின் தொடர்ந்து வினவும் உரிமைக்கு 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றைய மக்களவையில் கேள்வியைக் கொடுத்த உறுப்பினர் இரண்டு துணைக் கேள்விகள் கேட்கலாம். மற்றவர்களுக்கு வாய்ப்பளிப்பது சபாநாயகரின் முடிவு.

துணைக் கேள்வி விடையிலிருந்து பிறக்க வேண்டும். முன்கூட்டியே எழுதிவைத்ததை விடை எப்படி இருந்தாலும் அப்படியே வாசிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. விடை எண் தந்தால் ஒன்று, தராவிட்டால் மற்றொன்று என்று இரண்டு வகையாகத் தயாரித்துக் கொடுங்கள். மேலே சொன்ன சிறைக் கேள்விக்கு எண் கிடைத்துவிட்டால், "தகுதியானவர்களுக்கும் விண்ணப்பிக்கப்பட்டவர்களுக்கும் இடையில் இவ்வளவு பேர் விடுபட்டது ஏன், எந்த நாளுக்குள் அவர்களுக்கு விண்ணப்பம் போகும்" என்று கேட்கலாம். கிடைக்காவிட்டால், "சிறைகளின் இணையவழிப் பதிவேட்டில் ஒவ்வொரு கைதியின் பிரிவும் சிறைவாசக் காலமும் இருக்கும்போது, தகுதியானவர்களின் பட்டியலைத் தயாரிக்க என்ன தடை" என்று கேட்கலாம். ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும் அளவுக்குச் சுருக்கமாக இருக்கட்டும். முன்னுரை நீண்டால் அவைத் தலைவர் இடைமறிப்பார், அமைச்சர் அந்த முன்னுரைக்கு மட்டும் பதில் சொல்லி அமர்ந்துவிடுவார்.

ஏழாம் படி: விடை வந்த பிறகு

வேலையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலோர் நிறுத்திக்கொள்வதும் இங்கேதான். "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவை முன் வைக்கப்படும்", "பரிசீலனையில் உள்ளது", "நடவடிக்கை எடுக்கப்படும்" போன்ற வாசகங்கள் விடையில் இருந்தால், அது அரசு உறுதிமொழியாகப் பதிவாகலாம். மக்களவையின் அரசு உறுதிமொழிக் குழு 1953-லிருந்தும் மாநிலங்களவையின் குழு 1972-லிருந்தும் இவற்றைக் கண்காணிக்கின்றன. மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது வரையறை. அமைச்சகங்கள் கால நீட்டிப்புக் கேட்பதும், உறுதிமொழியைக் கைவிட அனுமதி கோருவதும் உண்டு. கைவிடக் கோரும் காரணங்களைக் குழுவின் அறிக்கைகளில் படித்துப் பாருங்கள். அரசு எதைச் சொல்ல விரும்பவில்லை என்பது அங்கே எழுத்திலேயே இருக்கும்.

விடையில் பிழை இருப்பதாக ஆதாரத்தோடு தெரிந்தால், சபாநாயகரின் 115-ஆவது நெறிமுறையின்படி உறுப்பினர் அதைச் சுட்டிக்காட்டலாம். விடை போதவில்லை, பொருளோ பொது முக்கியத்துவம் வாய்ந்தது என்றால் 55-ஆவது விதியின்படி அரைமணி நேர விவாதம் கோரலாம். மக்களவையில் இது திங்கள், புதன், வெள்ளிக்கிழமைகளில் அமர்வின் கடைசி அரைமணியில் நடைபெறும். அவசரப் பொருள்களை உறுப்பினர்கள் எழுப்பும் நேரமில்லா நேரத்தில் (Zero Hour) பேசுவதால் செய்தியில் இடம் கிடைக்கும், ஆனால் அமைச்சர் அங்கேயே விடை சொல்லக் கடமைப்பட்டவரல்லர். ஆகவே தரவு தேடுவோர் அதை நம்பியிருக்க வேண்டாம்.

உள்துறையையும் சட்டம், நீதி அமைச்சகத்தையும் கண்காணிக்கும் நிலைக்குழுக்கள் இரண்டும் மாநிலங்களவைச் செயலகத்தின் கீழ் இயங்குகின்றன. புதிய குற்றவியல் சட்ட மசோதாக்கள் மூன்றும் 2023 ஆகஸ்டில் அறிமுகமாகி, உள்துறை நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டு, பின்பு திரும்பப் பெறப்பட்டு, டிசம்பரில் மாற்றங்களோடு மீண்டும் கொண்டுவரப்பட்டன. அந்தக் குழுவின் அறிக்கையையும், அதில் இணைக்கப்பட்ட மறுப்புக் குறிப்புகளையும் படிப்பவருக்கு ஓராண்டுக்குக் கேட்கும் அளவுக்குக் கேள்விகள் கிடைக்கும்.

தமிழ்நாடு சட்டமன்றத்தில்

ஒரு காவல் நிலையத்தில் கண்காணிப்புக் கேமரா இயங்குகிறதா, மாவட்டத்தில் காவலர் பணியிடங்கள் எத்தனை காலி, கிளைச் சிறையில் மருத்துவர் இருக்கிறாரா என்பவை மாநிலத்துக்குரிய கேள்விகள். இவற்றைச் சட்டமன்ற உறுப்பினர் மூலமே கேட்க வேண்டும். காவல் நிலையங்களில் கேமரா பொருத்த வேண்டும் என்ற உச்ச நீதிமன்ற ஆணை 2020 டிசம்பரில் வந்தது. அதே ஆண்டு ஜூனில் நடந்த சாத்தான்குளம் காவல் மரணங்களை நினைவில் வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் கேள்வியின் அவசியத்தை விளக்கத் தேவையில்லை. கேட்கும்போது, கேமரா பொருத்தப்பட்ட நிலையங்களின் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், இயங்காதவை எத்தனை, பதிவுகள் எத்தனை மாதங்கள் சேமிக்கப்படுகின்றன, பதிவைக் கேட்டு வந்த விண்ணப்பங்கள் எத்தனை, கொடுக்கப்பட்டவை எத்தனை என்பதையும் கேட்கச் செய்யுங்கள்.

பேரவையிலும் கேள்வி நேரம் முதல் ஒரு மணி நேரமே. 2022 ஜனவரியிலிருந்து அது நேரலையாக ஒளிபரப்பாகி வருகிறது. ஆனால் பேரவை கூடும் நாட்கள் குறைவு என்பதால், நிதிநிலை அறிக்கைக் கூட்டத்தொடரில் வரும் காவல்துறை மானியக் கோரிக்கையை, அதாவது அத்துறையின் செலவுக்குப் பேரவையின் ஒப்புதல் கோரும் விவாதத்தைக் குறிவைப்பதே பயனுள்ளது. பெரும்பாலும் முதலமைச்சரே காவல்துறையைத் தம் பொறுப்பில் வைத்திருப்பது தமிழ்நாட்டின் வழக்கமாதலால், அந்த விவாதத்துக்கு அவரே பதிலுரை தருகிறார். விவாதத்தின்போது அவையில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே கிடைக்கிறது. முந்தைய இரண்டு ஆண்டுகளின் குறிப்புகளையும் அருகருகே வைத்துக்கொண்டு, சென்ற ஆண்டு அறிவித்த காவல் நிலையங்கள், வாகனங்கள், குடியிருப்புகள், தடய அறிவியல் ஆய்வகங்கள் ஆகியவற்றுள் எவை இந்த ஆண்டுக் குறிப்பில் "முடிந்தது" என்று வந்திருக்கின்றன, எவை சத்தமில்லாமல் மறைந்துவிட்டன என்று ஒரு பட்டியல் எடுங்கள். சிறைத்துறைக்குத் தனி மானியக் கோரிக்கை இருக்கிறது. அதன் குறிப்பையும் இப்படியே ஒப்பிட வேண்டும்.

அந்தப் பட்டியலை விவாத நாளுக்குப் பத்து நாட்களுக்கு முன்பே உறுப்பினரிடம் சேர்த்துவிடுங்கள். மானியத் தொகையைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானம் கொடுக்க விரும்பும் உறுப்பினருக்கு அது ஆதாரமாகும்; ஆளுங்கட்சி உறுப்பினருக்கும் தம் தொகுதிக்கு வர வேண்டிய காவல் நிலையத்தைக் கேட்டுப் பெற அதுவே உதவும். பதிலுரையில் சொல்லப்பட்டவற்றைப் பேரவை நடவடிக்கைக் குறிப்பிலிருந்து எடுத்து, நாள் குறித்து, அடுத்த ஆண்டுப் பட்டியலின் முதல் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.